மூன்று தடவை கேட்பவர்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் நான் இல்லை. மாணவர்கள் அவரை லேப்பக்கா என்பார்கள். நான் ‘ஏம்மா’ என்று கூப்பிடுவேன். பதினோரு வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவர் எதையும் மூன்று தடவை கேட்பார். முதல் பதிலை நம்பியதாக நான் பார்த்ததில்லை.

ஒருமுறை என் ஸ்கூட்டர் பழுதாகி, தர்மபுரி பேருந்து நிலையத்தில் அவருடன் பஸ் ஏறினேன். வண்டியின் நெற்றியில் பாலக்கோடு என்று பெரிதாக எழுதியிருந்தது. அவர் கண்டக்டரிடம், “பாலக்கோடு போவுங்களா?” என்றார். போகும் என்றார் கண்டக்டர். அடுத்து முன்பக்கம் போய் டிரைவரிடம் கேட்டார். பிறகு ஜன்னலோரம் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டார்.

கண்டக்டர் பொறுக்க முடியாமல், “ஏம்மா, போர்டுல எழுதியிருக்குது. நான் வாயால சொல்லிட்டேன். டிரைவரையும் கேட்டுட்ட. இன்னும் டயரத்தான் கேக்கல” என்றார்.

“போன வாரம் போர்டு பாலக்கோடு, வண்டி பாப்பாரப்பட்டி போச்சுங்களே. அன்னிக்கு டயர கேட்டிருந்தா சொல்லியிருக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சண்டைக்கும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

டிப்ளமா எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். எங்களிடம் வருவதற்கு முன் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தார். ஆய்வகத்தில் அவர் சேர்ந்த முதல் வாரத்தில் பழைய மீட்டர்களையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் நடுங்குகிற மீட்டர்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றைத் தள்ளிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்த ஒரு வோல்ட்மீட்டரை மட்டும் எடுத்து, கண்ணாடிமேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பீரோ மேல் ஏற்றி வைத்தார்.

“நல்ல மீட்டரை ஏம்மா மேல வைக்கிறீங்க?”

“முள்ளு ஆடற மீட்டர நான் தள்ள மாட்டேங்க சார். மூணு தடவ பாத்தா நடுவுல எங்கியாச்சும் நெசம் இருக்கும். இது ஆடவே மாட்டேங்குது. மூணு தடவையும் ஒரே தப்பு. இத எத்தினி தடவ கேட்டும் பிரயோசனமில்ல. இன்னொரு மீட்டரு வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். பிழையில் இரண்டு வகை உண்டு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன். அதை அவ்வளவு தெளிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை. அன்று அதை அவரிடம் சொல்லவுமில்லை. “சரி, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல குறிச்சிடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

செய்முறை வகுப்புக்கு வரும் பெண்களில் யாராவது முகம் வாடி நின்றால் அருகில் போய், “சாப்ட்டியா?” என்பார். சாப்பிட்டேன் என்று பதில் வரும். சால்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டே, “சாப்ட்டியா?” என்பார். சாப்பிட்டேன்க்கா. இரண்டு நிமிடம் விட்டு மறுபடியும், “கண்ணு, சாப்ட்டியா?” மூன்றாவது தடவையில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்ளும். மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் பலர் காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். அவருடைய டிபன் பாக்ஸ் அவருக்கு மட்டும் போதுமான அளவில் இருந்ததே இல்லை.

என் மனைவி இறந்து பத்தாம் நாள் கல்லூரிக்குப் போனேன். என்னிடமும் கேட்டார். இரண்டு தடவை சாப்பிட்டேன் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது இல்லை என்றேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, கேழ்வரகுக் களியில் பாதியை எடுத்து வைத்தார். அவரைக்காய்க் குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தப் பக்கம் திரும்பி ஒரு பெட்டியிலிருந்த ரெசிஸ்டர்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையில் இந்த ஆள் உண்மை சொல்லிவிடுவார் என்று அன்று அவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இனி அவர் செய்த ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல ஏற்பாடுகளில் எது சிறந்தது என்று தேடும் கணக்குகள்தான் என் ஆராய்ச்சி. இருபது பேரை இரண்டு பந்தியாக உட்கார வைப்பது சுலபம்போலத் தெரியும். யாருக்கு யாரோடு ஆகாது என்று ஒரு பட்டியல் கையில் கொடுத்துவிட்டு, ஆகாதவர்கள் ஒரே பந்தியில் வராதபடி உட்கார வை என்றால், இருக்கும் வழிகள் லட்சக்கணக்கில் போகும். ஆள் கூடக் கூட கம்ப்யூட்டரும் திணறும். இதற்கு வெளிநாடுகளில் வேறொரு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கைப் போடுவதை விட்டுவிட்டு, கணக்கின் அமைப்பிலேயே ஒரு மின்சுற்றைக் கட்டிவிடுவது. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போவதுபோல அந்தச் சுற்று தானாக ஆற்றல் குறைந்த நிலைக்குப் போய் நிற்கும். நின்ற இடம்தான் விடை. இயற்கை தன் வேலையைச் செய்கிறது, நாம் படித்துக்கொள்கிறோம்.

இதைப் பற்றி எங்கள் துறையில் ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கும்போது, “இதெல்லாம் நம்ம ஊரில் ஆகாது. அதற்குப் பணமும் வேண்டும், மூளையும் வேண்டும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். புரொஜெக்டர் பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

அந்த வாரத்தில் அவர் என்னிடம் ஒரே கேள்வியை மூன்று நாள் கேட்டார். இரண்டு ஆசிலேட்டர்களை எப்படி இணைத்தால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஆடும்? மூன்று நாளும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். மூன்றையும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு அவரே ஒன்றைக் கட்டத் தொடங்கினார். ஒரு பிளைவுட் பலகை. கழித்துப்போட்ட சுற்றுகளிலிருந்து எடுத்த ஐ.சி.க்கள். முதலில் நான்கு ஆசிலேட்டர், பிறகு எட்டு, கடைசியில் இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில் ஆடும் ஊசல்போல. எல்லாவற்றுக்கும் மேலிருந்து ஒரு பொதுத் தாளம் கொடுத்தார். அதனால் ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என இரண்டில் ஒரு நிலைக்குத்தான் வரும். இந்தப் பக்கம் என்றால் சிவப்பு விளக்கு, அந்தப் பக்கம் என்றால் பச்சை.

“ஆவாதவங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கம்பி போட்டா போதுங்க சார். ஒருத்தர் செவப்புன்னா இன்னொருத்தர் பச்சையாயிருவாரு. மூணு பேருக்குள்ளயும் ஆவாதுன்னா தடுமாறும். கொஞ்ச நேரம் மினுக்கிட்டு, எதுல சண்ட கம்மியோ அதுல போய் நின்னுக்கும்.”

சில சமயம் மோசமான இடத்திலேயே போய் நின்றுகொள்ளும். அதற்காகப் பழைய ரேடியோவிலிருந்து ஒரு வால்யூம் குமிழை எடுத்து ஓரத்தில் பொருத்தியிருந்தார். அதைத் திருகினால் சுற்றுக்குள் கொஞ்சம் இரைச்சல் போகும். விளக்குகளெல்லாம் கலங்கும். குறைக்கக் குறைக்க மறுபடி அடங்கும். குமிழின் கீழே மார்க்கர் பேனாவால் ‘கலக்கி’ என்று எழுதியிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வராது. ஒரு தடவை ஆறு சண்டை மிஞ்சும், ஒரு தடவை ஐந்து, ஒரு தடவை நான்கு. நான் துறையில் எல்லோர் முன்னும் கேட்டேன்: “கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் சொல்றதுக்குப் பேரு மெஷினா, ஜோசியமா?”

“அதனாலதாங்க சார் மூணு தடவ கேக்கணும். மூணுல நல்லதா ஒண்ண எடுத்துக்க வேண்டியதுதான்.”

அந்த வருடம் கோடை கடுமை. பாலக்கோட்டுக்கு உள்ளே இருந்த அவர் பிறந்த ஊரில் ஒரே மின் லைனில் இருபத்து நான்கு போர்கள், அதாவது ஆழ்துளைக் கிணறுகள், இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் யாருக்கும் தண்ணீர் வராது. பக்கத்துப் பக்கத்து போர் இரண்டும் ஓடினால் ஒன்று மற்றதன் தண்ணீரை இழுத்துவிடும், மோட்டார் காற்றைத்தான் குடிக்கும். அதனால் கோடையில் மொறை வைப்பது அந்த ஊர் வழக்கம். பாதிப் பேருக்கு ஒரு நாள், மீதிப் பேருக்கு மறுநாள். யார் யாரோடு என்பதைக் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். வருடா வருடம் அதில் அடிதடி. அந்த வருடம் பால் சொசைட்டி செயலாளர் நேராகக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“ஊர்க்காரன் எவன் பிரிச்சாலும் எவனாச்சும் ஒருத்தன் சண்டைக்கி வரான் சார். நீங்க காலேஜ் சீல் போட்டு ஒரு காயிதம் குடுங்க. அதுல என்னா இருக்குதோ அதான் மொறை. எவனும் வாய் தொறக்கக் கூடாதுன்னு பேசிட்டோம்.”

லேப்பக்கா இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், ஒவ்வொரு விவசாயியிடமும் எந்த போர் ஓடினால் உன் போர் தண்ணீரில்லாமல் இருமும் என்று மூன்று தடவை கேட்டுப் பட்டியல் எடுத்து வந்தார். நாற்பத்தொரு ஜோடி. அதை என்னிடம் கொடுத்தார். நான் என் கம்ப்யூட்டர் நிரலில் போட்டேன். ஐந்து ஜோடி மட்டும் ஒரே மொறையில் சிக்கும், மற்றதெல்லாம் பிரிந்துவிடும் என்று வந்தது. “இதற்குக் கீழே போகாது” என்று செயலாளரிடமும் கல்லூரி முதல்வரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அதே பட்டியலுக்கு லேப்பக்காவின் பலகை நான்கு காட்டியது. பதிமூன்று சிவப்பு, பதினொன்று பச்சை.

காகிதத்தில் பென்சிலால் சரிபார்த்தேன். நான்குதான். எனக்கு எங்கே தவறியது என்று தேடியபோது தெரிந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாகச் சரிபாதிதான் பிரிக்க வேண்டும் என்று நிரலில் நான் எழுதியிருந்தேன். அப்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியை நீக்கியிருந்தால் எனக்கும் நான்கு வந்திருக்கும். நீக்கிவிட்டு, தவறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கூப்பிட்டேன். அந்த லைனில் ஒரே நேரத்தில் எத்தனை மோட்டார் ஓடலாம் என்று கேட்டேன். பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்றிருந்தது. “பதினாலு வரைக்கும் ஒண்ணும் ஆவாதுங்க சார்” என்றான்.

பதினோரு மணிக்கு அவர் என் அறை வாசலில் நின்றார்.

“பலகையில நாலு வருதுங்க சார். பாத்தீங்களா?”

“பார்த்தேன். உங்க விடையில ஒரு மொறைக்குப் பதிமூணு மோட்டார் வருது. லைன் தாங்காது. மின்வாரியத்தில் கேட்டுட்டேன். பன்னிரண்டுதான் கணக்கு.”

“பதிமூணு தாங்காதுங்களா?”

“தாங்காது.”

மதியம், நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குழாயில் டிபன் பாக்ஸைக் கழுவியபடி கேட்டார். “பதிமூணு தாங்காதுன்னா சொன்னாங்க, சார்?”

“தாங்காதுன்னுதான் சொன்னாங்க.”

சாயங்காலம் கல்லூரி பஸ்ஸில் ஏறப் போனேன். படிக்கட்டருகே நின்றிருந்தார். பஸ்ஸுக்குள் விரிவுரையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“சார், பன்னண்டு பன்னண்டுன்னு கட்டுனா பலகையும் அஞ்சுதாங்க காட்டுது. அதுலயும் உங்க விடையிலயும் பதினேழும் பதினெட்டும் ஒரே மொறையில வருது. பதினேழு எங்கண்ணன் போருங்க. ஆழம் கம்மி. பதினெட்டு ஓடுனா அதுல சொட்டுத் தண்ணி வராது. தக்காளி வெச்சிருக்காரு. அதனாலதான் இன்னொரு தடவ கேக்கறேன். நெசமாவே பதிமூணு தாங்காதுங்களா?”

“ஓகோ” என்றேன். “அண்ணன் தப்பிக்கணும்னுதான் அந்த விடை புடிச்சிருக்கா?”

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

“தாங்காதும்மா” என்றேன்.

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. “சரிங்க சார். மூணு தடவையும் ஒரே பதில் சொல்லிட்டீங்க” என்றார். நம்பிவிட்டார். அவர் குரலிலேயே அது தெரிந்தது. பஸ்ஸில் ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. பசித்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் பலகை இல்லை. ஐ.சி.க்கள் ஒரு தட்டிலும், ரெசிஸ்டர்கள் நிறவாரியாக இன்னொரு தட்டிலும் இருந்தன. கம்பிகளை நீளவாரியாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். ரெக்கார்டு நோட்டு அலமாரியில் திரும்ப வந்திருந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பொருளும் வரவு வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பிறகு என் விடையைச் சிவப்பு, பச்சை என்று இரண்டு பத்தியாக அழகாக எழுதி எடுத்து வந்தார். அதிலும் கையெழுத்துப் போட்டுக் கல்லூரி முத்திரை வைத்தேன். பால் சொசைட்டிச் சுவரில் அதை ஒட்டினார்கள்.

தக்காளி பூ எடுக்கும் சமயம். அவர் அண்ணனின் மொறை நாளில் பதினெட்டாம் போரும் ஓடும். அண்ணனுக்குத் தண்ணீர் நூலாக வந்து நின்றுவிடும். மூன்று வாரம் பொறுத்திருக்கிறார். மோட்டார் காற்றைக் குடித்துப் புகைந்திருக்கிறது. மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றவைத்து, மொறை மீறி அடுத்தவர் நாளில் சுவிட்சைப் போட்டார். ஊர் திரண்டு வந்து அவர் ஸ்டார்ட்டரிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனது. பஞ்சாயத்தில் அவரை நிற்க வைத்திருக்கிறார்கள். அங்கே தங்கையைப் பார்த்து, “உன் காலேஜு என் ஒருத்தனுக்கு மட்டும் தண்ணி இல்லன்னு எழுதிச்சா? எழுதுன கையி உன்னுதுதான?” என்று கேட்டாராம். எழுதியது தங்கையின் கைதான். அடுத்த மாதம் அண்ணன் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டார். ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. அதன் பிறகு தங்கையோடு பேசுவதில்லை.

இவையெல்லாம் ஆய்வகத்தில் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். லேப்பக்கா என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் எங்களிடம் வேலை பார்த்தார். வணக்கம் சொல்வார். கேட்டதை எடுத்துக் கொடுப்பார். மாணவிகளிடம் மூன்று தடவை சாப்ட்டியா என்று கேட்பார். என்னிடம் மட்டும் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. நான் என்ன சொன்னாலும் “சரிங்க சார்” என்று போய்விடுவார். என்னளவில் அந்தத் தொந்தரவு விட்டது என்று நினைத்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அவர் வேலையை விட்டார். நான் ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. சென்ற மாதம் ஓர் ஆய்விதழில் அப்படிப்பட்ட ஒரு கருவியின் படம் வந்திருந்தது. விரல் நகம் அளவு சிப்பில் நூற்றுக்கணக்கான ஆசிலேட்டர்கள். அளவுதான் வேறு. இணைத்திருந்த முறை அந்த பிளைவுட்டில் இருந்ததேதான். இரைச்சலைக் கூட்டிக் குறைப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையோ பதற்றமோ வரவில்லை. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

பாலக்கோட்டில் மார்க்கெட் போகும் வழியில் அவர் இப்போது ஸ்டார்ட்டர், பேனல் போர்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நான் போனபோது ஒரு விவசாயி ஸ்டார்ட்டர் பெட்டியைக் கவுண்டர்மேல் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மோட்டாரு எடுத்துட்டு நிக்கிதா, எடுக்கவே மாட்டேங்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

“எடுத்துட்டு நிக்கிதுக்கா.”

“கரண்டு கம்மியா வரப்ப மட்டுமா?”

“எப்பவும்தான்.”

பெட்டியைத் திறந்து திருகுகளைத் தட்டில் போட்டார். “எடுத்துட்டுத்தான நிக்கிது?”

“ஏக்கா, எத்தினி தடவ கேப்ப?”

“இன்னும் ஒரு தடவதான். கோச்சுக்காத.”

என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார்” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தலை நரைத்திருந்தது. விவசாயி போகிறவரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அன்னிக்கு மின்வாரியத்தில் பதினாலு வரைக்கும் தாங்கும்னுதாம்மா சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன். மூணு தடவையும்.”

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“தெரியுங்க சார்.”

“எப்போ தெரியும்?”

“எங்கண்ணன் மோட்டாரு பொகஞ்ச வாரமே. லைன்மேன கேட்டேன். அப்பறம் பாலக்கோட்டு ஆபீசுல போயி கேட்டேன். பதினாலும்பாங்க, பதினஞ்சும்பாங்க. பன்னண்டுன்னு யாருமே சொல்லல.”

“அப்புறம் ரெண்டு வருஷம் என்கூடத்தானே வேலை பார்த்தீங்க. ஏன் என்கிட்ட வந்து கேட்கலை?”

“உங்களத்தான் மூணு தடவ கேட்டாச்சுங்களே சார்.”

கோபம் இல்லை. அந்த மீட்டரில் பிளாஸ்திரி ஒட்டியபோது இருந்த அதே குரல். கடைக்கு வெளியே தக்காளிக் கூடைகள் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போகட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னேங்க. சீல் போட்ட காயிதத்துல ஒண்ணு இருக்குது, நீ வாயால ஒண்ணு சொல்றே, பெரிய மனுசன் மேல பழிய போடறியான்னாரு. அதோட போன வெச்சிட்டாரு.”

“நான் ஓசூர் போய் அவர்கிட்ட சொல்லட்டுமா?”

யோசித்தார். “வேணாங்க சார். வாயால வேணாம். அன்னிக்கு எழுதித்தான குடுத்தீங்க. இதையும் எழுதிக் குடுங்க.”

பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, பேனாவோடு என் முன்னால் வைத்தார். எழுதினேன். அந்தக் கோடையில் கல்லூரி கொடுத்த மொறைத் தாள் சரியான விடை அல்ல, சரியான விடையில் பதினேழும் பதினெட்டும் வேறு வேறு மொறையில் இருந்தன, அந்த விடையைக் கண்டுபிடித்தவர் உங்கள் தங்கை, 13 மோட்டார் ஓடலாம் என்று தெரிந்தே நான் மறைத்தேன், இதில் அவர் தவறு எதுவும் இல்லை. இவ்வளவுதான். அவர் வாங்கிப் படித்தார்.

“பதிமூணுன்னு எழுத்துல எழுதிருங்க சார். நம்பர்ல இருந்தா யாராச்சும் மாத்திட்டாங்கன்னு சொல்லுவாரு.”

அடித்துவிட்டு எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரை இல்லை. அவர் தாளை நாலாக மடித்து மேசை டிராயருக்குள், மல்டிமீட்டருக்கு அடியில் வைத்தார்.

“பஸ்ஸு நாலரைக்குங்க சார். இப்ப கெளம்புனா சரியா இருக்கும்.”

சாப்பிட்டீர்களா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லை. நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து போன் செய்தேன். தாளை அண்ணனிடம் கொடுத்தீர்களா என்று கேட்டேன். “பாக்கலாம்ங்க சார்” என்றார். பின்னால் யாரோ மோட்டாரைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். கேட்கவில்லை.